புளி வழியில் சிந்துமா, சடையண்ணே?

அன்பு மாறாத சடையண்ணனுக்கு,

உன்னை இப்படிக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. இத்தனை வருஷப் பழக்கத்தில் "ஏ சடையா" என்பதைத் தாண்டி என் வாய் போனதில்லை. நீ என்னைவிட நாலு வயது மூத்தவன் என்பதே உன் காரியத்தன்று உன் சம்சாரம் மாரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மலையிலிருந்து கூடை தூக்கிக்கொண்டு இறங்கி வருகிறவனின் வயதை ஆலங்காயம் கடைத்தெருவில் யார் விசாரித்தோம்?

நீ போய் மூன்று மாசம் ஆகிறது. ஒரு விஷயம் மனசில் சிக்கிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நிற்கிறது. யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. அதனால் உன்னிடமே கேட்கிறேன். வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று, உனக்குத் தெரிந்த சங்கதியையும் சேர்த்தே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் ஊர்ச் சேதி. உன் கறுப்பு மாடு கிடேரி போட்டிருக்கிறது. சாமை விதைக்க இன்னும் மழை இல்லை. நம் புளிக் கொட்டகைக் கூரையில் மேற்குப் பக்கம் குரங்கு பிய்த்துப் போட்டதை ஆளுக்கு ஒரு கட்டு தர்ப்பை கொண்டுவந்து நேற்று வேய்ந்தார்கள். மாரி நன்றாக இருக்கிறாள். நன்றாக என்றால், எழுந்து நடமாடுகிறாள். வேறு எப்படிச் சொல்வது?

என் தொழில் உனக்குத் தெரியும். அப்பா வைத்துவிட்டுப் போன புளி மண்டி. ஆனி மாசம் மரம் பூக்கும்போது துணியும் உப்பும் மண்ணெண்ணெயும் கழுதைமேல் ஏற்றிக்கொண்டு மேலே வருவேன். ஐந்து ஊரிலும் வீட்டுக்கு வீடு கொடுப்பேன். மாசியில் காய் பழுத்ததும், பேசின எடைக்குப் புளி என் கடைக்கு வந்துவிட வேண்டும். பூவைப் பார்த்துப் பேசுகிற பேச்சு. அதில் யாருக்கு லாபம் என்று குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் மழைக்காலத்தில் உப்பில்லாமல் யாரால் இருக்க முடியும்?

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. என் கடையில் பழைய மணங்கு எடைக்கல் ஒன்று இருந்தது. இரும்புக் கல். அடியில் குழி விட்டு ஈயம் ஊற்றியிருப்பார்களே, அந்தக் குழியை என் அப்பா ஆழமாக்கி இன்னும் கொஞ்சம் ஈயம் ஊற்றி வைத்திருந்தார். அதனால் எவ்வளவு புளி வந்தாலும் எடையில் கொஞ்சம் குறைவாகவே நிற்கும். சாகும்போது அப்பா கடைச்சாவியைக் கொடுத்தார். கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நான் சின்ன வயசிலேயே தூக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கல்லால் உன் புளியைப் பன்னிரண்டு மாசி எடை போட்டிருக்கிறேன், அண்ணே. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் எழுதிவிட்டேன்.

பிறகு ஒரு ஆனியில் நான் மேலே வந்தபோது நீ துணியைத் தொடவில்லை. உன் வீட்டு வாசலில் உன்னோடு ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"இந்த வருசம் மரத்தப் பேசல மண்டிக்காரரே. அஞ்சு ஊரும் கூடி முடிவு பண்ணிட்டோம்."

"இன்னா முடிவு?"

"பொம்பளைங்க உக்காந்து ஓடு ஒடைச்சி, நாரு உரிச்சி, கொட்ட எடுத்துத் தர்றாங்க. நாங்களே சந்தைக்கு எடுத்துனு போறோம்."

நான் சிரித்தேன். "எவன் வாங்குவான்?" என்று கேட்டேன். நீ கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெரியல. போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்றாய். வேறு எவனாவது வீறாப்பாக ஏதாவது சொல்லியிருப்பான். நீ தெரியவில்லை என்று சொன்னது என் கோபத்தை இன்னும் கிளப்பியது. ஏன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை.

மூங்கில் வெட்டி நீங்களே கொட்டகை போட்டீர்கள். வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து வேலை. பிளாக் ஆபீஸிலிருந்து கிராம சேவக் என்கிற அதிகாரி வந்து, இதற்குச் சங்கம் என்று பெயர் வைத்துக் கையெழுத்து வாங்கினது அப்புறம்தான். அதற்குள் கூரையே வேய்ந்தாகிவிட்டது. சங்கம் என்றால் என்ன என்று உங்கள் ஊர்ச் சின்னபொண்ணு அவரிடம் கேட்டாளாம். அவர் கால் மணி நேரம் விளக்கினாராம். "அதத்தான் நாங்க பண்ணினு கீறோமே" என்றாளாம் அவள்.

அந்த மாசியில் முப்பது கூடைப் புளியோடு ஆலங்காயம் சந்தைக்கு இறங்கினீர்கள். நீங்கள் வருவதற்கு முன்பே நான் புளி வாங்குகிற மற்ற நாலு கடைக்கும் போய், "மலைப் புளியத் தொடாதீங்க, தொட்டா நாளைக்கு நம்ம பொழப்பு போச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில் உட்கார்ந்திருந்தீர்கள். ஒருவரும் விலை கேட்கவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. நான் கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ எழுந்து என் கடைக்குத்தான் வந்தாய். சண்டைக்கு வருகிறாய் என்று நினைத்தேன். நீ கேட்டது இதைத்தான்:

"மண்டிக்காரரே, புளி நனையாம, கறுக்காம எப்புடி வெக்கிறது?"

உன்னை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவனே நான். என்னிடமே வந்து கேட்கிறாய். நான் என்ன செய்தேன்? எழுந்து வந்து சொல்லிக்கொடுத்தேன்! அடியில் உப்புத் தூவு, பனையோலைப் பாயில் போட்டு இறுக்கி மிதி, மேலே மறுபடி உப்பு, தரையில் வைக்காதே, கட்டைமேல் வை. நாலு ஓலைப்பாயும் கொடுத்தனுப்பினேன். நீ போன பிறகு, நான் ஏன் இப்படிச் செய்தேன் என்று எனக்கே குழப்பமாக இருந்தது. என் சம்சாரம், "காலையில கெடுத்தீங்க, சாயங்காலம் குடுத்தீங்க. இன்னாதான் நெனச்சினு இருக்கீங்க?" என்று கேட்டாள்.

மறுநாள் இரண்டு மாட்டு வண்டி பிடித்து வாணியம்பாடிக்குப் போனீர்கள். பஜாரில் மொத்த வியாபாரம் செய்கிற ஒரு பாய், புளியைப் பிட்டு வாயில் போட்டுப் பார்த்தாராம். "கொட்டயும் இல்ல, கல்லும் இல்ல. யாரு உரிச்சது?" என்று கேட்டாராம். "எங்க வூட்டுப் பொம்பளைங்க பாய்" என்றாயாம். "அடுத்த வாரமும் கொண்டாங்க. வேற எவனுக்கும் குடுக்காதீங்க" என்றாராம். திரும்பி வரும்போது என் கடையில் நின்று இதை என்னிடம் அப்படியே சொல்லிவிட்டுப் போனாய். பெருமைக்குச் சொன்னாயா, நன்றிக்குச் சொன்னாயா, குத்திக் காட்டினாயா? உன் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

இரண்டு வருஷத்தில் என் மண்டியில் உப்பும் மண்ணெண்ணெயும்தான் மிஞ்சின. அந்தச் சமயத்தில்தான் பழைய எடையெல்லாம் போய்க் கிலோ வந்தது. பழைய கல்லைச் சோதிக்க அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும், அப்பாவின் கல்லைக் கொண்டுபோய் ஏரியில் போட்டேன். அந்தச் சத்தத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த ஆனியில் கழுதையில்லாமல், துணியில்லாமல் மேலே வந்தேன். ஏன் வந்தேன் என்று கேட்காதே. கால் பழகிய வழி. நீ சாமைச் சோறும் அவரைக் குழம்பும் போட்டுவிட்டு, "எங்களுக்குக் கிலோக் கணக்கு ஒண்ணும் புரியல. நீ வந்து சங்கத்துல எட போடு" என்றாய்.

அன்றைக்குச் சங்கக் கூட்டத்தில் சின்னபொண்ணு எழுந்து கத்தியது உனக்கு நினைவிருக்கும். புருஷன் இல்லாதவள், எதையும் பேசப் பயப்படாதவள். "இவன் கடத் தராசு நம்மள எவ்ளோ நாளு தின்னுச்சின்னு யாருக்குத் தெரியும்? திருட்டுப் பூனைய பாலுக்குக் காவல் வெக்கிறியா?" என்றாள். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள்.

நீ சொன்னாய்: "கல்லப் பத்தி இவருக்குத் தெரிஞ்ச மாதிரி நமக்குத் தெரியாது."

அவ்வளவுதான். தொழில் தெரிந்தவன் என்று சொன்னாயா? இல்லை, என் வண்டவாளம் தெரியும் என்று சொன்னாயா? இரண்டு வருஷம் அந்தக் கொட்டகையில் தராசுக்கு முன்னால் நின்றேன். அரசாங்க முத்திரை குத்திய புதுக் கல். ஒரு கிராம்கூடத் தவறாமல் போட்டேன். ஒவ்வொரு கூடைக்கும் அந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். நீயும் நானும் ஆலங்காயத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். "சடையா, அப்பா காலத்துக் கல்லு ஒண்ணு இருந்துச்சே..." என்று ஆரம்பித்தேன். நீ திரும்பாமலே, "மழ வர்ற மாதிரி கீது. சீக்கிரம் நட" என்றாய். என் வாயை அடைத்தாயா? ஆனால் மழையும் வந்தது, அண்ணே. நன்றாகவே பெய்தது. நனைந்துபோய் வீடு சேர்ந்தோம். மழைதான் காரணம் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் இல்லை என்று தோன்றும்.

இந்த மாசியில் நீ மரத்தில் ஏறியிருக்க வேண்டாம். சின்னபொண்ணின் மரத்தை உலுக்க ஆளில்லை. இளவட்டங்கள் எல்லாம் வண்டியோடு வாணியம்பாடிக்குப் போயிருந்தார்கள். "ரெண்டு நாளு பொறுத்துக்கலாமே" என்று அவளே சொன்னாளாம். நீ கேட்கவில்லை. கிளை முறிந்த சத்தம் கொட்டகை வரை கேட்டது.

கம்பில் போர்வையைக் கட்டித் தூளியாக்கி உன்னைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். முன்கம்பு என் தோளில். பாதி வழியில், ஓடை தாண்டும்போது கண்ணைத் திறந்து, "எட முடிஞ்சிதா?" என்று கேட்டாய். முடிந்தது என்றேன். முடியவில்லை, ஒன்பது கூடை அப்படியே கிடந்தது. உன்னிடம் நான் கடைசியாகப் பேசியதும் பொய்தான். ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு மைல் இருக்கும்போது தூளி கனத்துவிட்டது. பின்கம்பு பிடித்திருந்தவன் நின்றான். நான் நிற்கவில்லை, அவனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

இனி நீ அறியாத சேதி. பங்குனிக் கடைசியில் ஒரு பெரிய வியாபாரி ஜமுனாமரத்தூர் வரை ஜீப்பில் வந்து, அங்கிருந்து நடந்து நம் கொட்டகைக்கு வந்தான். நல்ல பேச்சு. "ஒடைக்கிறதும் உரிக்கிறதும் ஒங்களுக்கு இன்னாத்துக்குக் கஷ்டம்? அஞ்சு வருசத்துக்கு மரத்த என்கிட்ட விடுங்க. கொட்டகைக்குத் தகரம் போட்டுத் தர்றேன். வூட்டுக்கு வூடு அரிசி, துணி. காய் பழுத்ததும் பேசின எடைக்குப் புளிய எறக்கிடுங்க, அவ்ளோதான்" என்றான். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு என் குரலே வேறு ஒருவன் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது.

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நீ இல்லை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. தப்பு என்றும் சொல்ல முடியாது. கொட்டை தட்டித் தட்டிப் பெண்களின் விரல் வெடித்திருந்தது. தலைவன் போன வீடு மாதிரி எல்லாருக்கும் களைப்பு. தகரக் கூரை என்றால் குரங்குத் தொல்லையும் இல்லை. சித்திரையில் கூட்டம் கூடியபோது பாதிக்கு மேல் அவன் பக்கம்தான். உன் தம்பி என்னைப் பார்த்து, "நீங்க வெளி வியாபாரம் தெரிஞ்சவரு. நீங்க சொல்லுங்க. குடுக்கலாமா?" என்று கேட்டான்.

வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். பூவில் பேசினால் ஏமாறுவீர்கள் என்றேன். எப்படி ஏமாறுவோம் என்றார்கள். எடையில் என்றேன்.

"அது எப்புடி ஒனக்குத் தெரியும்?" இது சின்னபொண்ணு.

அப்போது வேறு வழி இருந்திருக்கலாம். பொதுவாக ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. "ஏன்னா நானே பண்ணியிருக்கேன். எங்கப்பா கல்லுல ஈயம். பன்னெண்டு வருசம்" என்றேன்.

ஒரு கிழவன் எழுந்து வெளியே போய்த் துப்பிவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தான். சின்னபொண்ணு, "அந்தக் கல்லு எங்க?" என்று கேட்டாள். ஏரியில் போட்டுவிட்டேன் என்றேன். "அப்ப நீ சொல்றது நெசமா பொய்யான்னு எப்புடித் தெரியும்?" என்றாள். திருடினேன் என்பதற்குக்கூட என்னால் சாட்சி காட்ட முடியவில்லை, அண்ணே.

பிறகு உன் தம்பி மெதுவாகக் கேட்டான்: "எங்க அண்ணனுக்கு இது தெரியுமா?"

"எனக்குத் தெரியல" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதிலேயே மிகவும் உண்மையான வார்த்தை அதுதான்.

வெகுநேரம் கழித்து முடிவு எடுத்தார்கள். மரத்தை விடுவதில்லை. தகரம் வேண்டாம், தர்ப்பையே போதும். என்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அதைவிடப் பயம் வேறில்லை. எழுந்து நடந்தேன். ஊர் எல்லையில் மாரி ஓடிவந்து என்னை நிறுத்தினாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒண்ணு சொல்றேன், எனக்கும் அர்த்தம் புரியல" என்றாள். "ஒங்க கடைக்குப் புளி எடுத்துனு போறப்ப, அவரு எப்பவும் ஒரு சின்னக் கூடைப் புளி அதிகமா வெப்பாரு. பேசுனது இவ்ளோதானே, அது எதுக்குன்னு கேப்பேன். வழியில சிந்தும்பாரு."

சொல்லிவிட்டு அவள் திரும்பிப் போய்விட்டாள்.

புளி வழியில் சிந்துமா, சடையண்ணே? கூடையை இறுக்கிக் கட்டி, மேலே இலை போட்டுத் தலையில் சுமந்து வருகிற புளி எப்படிச் சிந்தும்? தெரிந்துதான் வைத்தாயா? தெரிந்திருந்தால் பன்னிரண்டு வருஷம் ஏன் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை? கேட்டால் மழைக்காலத்தில் உப்பு கிடைக்காது என்றா? சரி, அது அப்போது. சங்கம் வந்த பிறகு, என்னால் உனக்கு ஒன்றும் ஆக வேண்டியதில்லை என்று ஆன பிறகு, அதே திருடனை ஏன் தராசுக்குக் கூப்பிட்டாய்? இரக்கமா? தண்டனையா? கிலோக் கணக்கு புரியவில்லை என்று நீ சொன்னது வெறும் உண்மைதானா? இதில் எதை எடுத்துக்கொள்வது? ஒரு நாளைக்கு ஒன்று சரியாகப் படுகிறது. சாயங்காலத்துக்குள் அதுவும் சரிந்துவிடுகிறது.

கூட்டத்துக்கு மறுநாள் போவதா வேண்டாமா என்று தெரியாமலேதான் கிளம்பினேன். கொட்டகையில் மிச்சப் புளி எடைக்குக் காத்திருந்தது. சின்னபொண்ணு தராசுக்குப் பக்கத்தில் கல்லையெல்லாம் தன் மடிக்கு முன்னால் அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இனிமே கல்ல நான் வெப்பேன். நீ முள்ள மட்டும் பாரு" என்றாள்.

"சரி" என்றேன்.

"முள்ளு நேரா நின்னா நேருன்னு சொல்லு. சாஞ்சா சாஞ்சிதுன்னு சொல்லு. வேற பேச்சு பேசாத."

அப்படித்தான் நடக்கிறது. அவள் கல் வைக்கிறாள், நான் முள்ளைப் பார்க்கிறேன். மன்னித்தார்களா என்று தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை. மத்தியானம் கூழ் ஊற்றும்போது எனக்கும் ஒரு சட்டி வருகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். இல்லை, அதுவும் பொய். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனி வருகிறது, அண்ணே. மரம் பூக்கும். அந்த வியாபாரி மறுபடி வருவான், இந்தத் தடவை துணிமூட்டையோடு வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் போவான். நான் அப்படித்தான் செய்தேன், அதனால் தெரியும். அவன் ஏறி வருகிற பாதையில் நான் போய் நிற்பேன். அவனிடம் என்ன சொல்லப் போகிறேன் என்று இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நிற்பேன். இந்த ஒன்றை மட்டும் சந்தேகமில்லாமல் உன்னிடம் சொல்ல முடிகிறது.

உன்னைத் தோளில் சுமந்த தம்பி,
கோவிந்தராசு
ஆலங்காயம்